நல்லப்பன் கட்டிய காப்பு

அலோன் அம்மன் கோவில் செயலாளர் ரமேஷ்குமார் போன மாதம் என் கடைக்கு வந்து, திருவிழா மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னான்.

"சுரேந்திரன் மாமா, நல்லப்பன் மாமா பூக்குழி எறங்கி இந்த வருஷம் அறுபது வருஷம். சால்வை போடுறோம். அவரப் பத்தி நீங்கதான் எழுதணும். எனக்குப் பேசத்தான் தமிழ் வரும். எழுதுறதெல்லாம் பர்மாதான்."

ரங்கூனில் தமிழ் எழுதத் தெரிந்தவர்களை எண்ண இப்போது இரண்டு கை போதும். அதில் ஒரு விரல் நான். இல்லாவிட்டால், நல்லப்பனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத என்னைக் கூப்பிடுவானா? நல்லப்பனுக்கும் எனக்கும் உள்ள கதை ஊரின் மேற்கே அலோனிலிருந்து கிழக்கே போட்டாதாங் வரைக்கும் தெரிந்த கதை. எழுதிக் கொடுத்தேன். முனிசிபாலிட்டித் தண்ணீர்க் குழாய்க்காரர் மகன், மின்விசிறியும் ரேடியோவும் பழுது பார்ப்பவர், கோவிலுக்கு ஒலிபெருக்கி கட்டுபவர், பக்திமான். ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. அதில் பொய் ஒன்றும் இல்லை. அதில் நல்லப்பனும் இல்லை.

நல்லப்பனுக்கு எழுபத்தொன்பது வயது. எனக்கு ஒன்று குறைவு. பத்தொன்பது வயதில் அவன் கிட்டார் வாசித்தான், நான் டிரம்ஸ் அடித்தேன். எங்கள் குழுவுக்கு ரிவர்சைட் ஃபோர் என்று பெயர். நானும் நல்லப்பனும் தவிர, இரண்டாவது கிட்டாருக்கு ஆமிர், பாஸ் கிட்டாருக்கு டெரிக். ஆமிர் சோலியா முஸ்லிம், வீட்டில் தமிழ் பேசுபவன். டெரிக்கின் அப்பா ஆங்கிலோ-இந்தியர், அம்மா பர்மியர். எந்த மொழியில் பாடுவது என்று இரண்டு மாதம் சண்டை போட்டோம். கடைசியில் பாடவே வேண்டாம் என்று முடிவாயிற்று. அப்போது ரேடியோவில் வெறும் கிட்டார் மட்டும் பேசும் இசை ஒன்று வந்துகொண்டிருந்தது. கடல் அலை மேல் பலகை போட்டுச் சறுக்குகிறவர்களின் இசை என்றார்கள். எங்களில் ஒருவனும் அப்படி ஒரு அலையைப் பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்தது போட்டாதாங் படித்துறையில் சேற்று நிறத்தில் ஓடும் ஆறுதான்.

கிட்டார் கம்பி கிடைக்காத ஊர் இது. நல்லப்பன் சைக்கிள் பிரேக் வயரைப் பிரித்து, அதிலிருந்து ஒவ்வொரு இழையாக உருவிக் கிட்டாரில் கட்டுவான். இரண்டே வாரத்தில் துரு ஏறி விரலைக் கிழிக்கும். திரும்ப உருவுவான். அந்த இசைக்கு ஒரு எதிரொலி வேண்டும். அதற்கான பெட்டி எங்களிடம் இல்லை. நல்லப்பன்தான் வழி கண்டுபிடித்தான். ஸ்ட்ராண்ட் ரோட்டில் என் அப்பா கிரேன் ஓட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பயறு கிடங்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலியாக இருந்தால் வாட்ச்மேன் திறந்துவிடுவார். ஒரு கோடியில் ஸ்பீக்கர், மறு கோடியில் மைக். நடுவில் நூறு அடி வெறும் இருட்டு. மூட்டை இருந்தால் சத்தத்தை மூட்டை தின்றுவிடும் என்பதால், பயறு கப்பல் ஏறும் நாளைக் கேட்டுக் கேட்டு நாங்கள் பாட்டு வாசித்தோம். அப்படிப் பதிவு செய்த ஒரே ஒரு இசைத்தட்டு 'டல்லா ஃபெரி'. மொகல் தெருவில் ஒரு கடைக்காரர் முந்நூறு தட்டு போட்டார். அக்கரை டல்லாவுக்குப் போகும் படகு கிளம்பி, அலையில் ஏறி, கரை சேர்வதுதான் அந்த இசை. இரண்டரை நிமிஷம்.

நான் ரங்கூனிலேயே சிறந்த டிரம்ஸ்காரன் என்று அப்போது நினைத்தேன். சென்ற வாரம் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுபத்து நான்காம் வருஷம், பங்குனி மாதம். கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்தது. நம் ஆட்கள் பெட்டி படுக்கையோடு துறைமுகத்தில் கிடந்த காலம். ரயில்வே மன்றத்தில் நாங்கள் வாசித்ததைக் கேட்ட ஒருவர், பினாங்கில் ஒரு ஹோட்டலில் வாசிக்க எங்களைக் கூப்பிட்டார். அங்கேயே பெரிய இசைத்தட்டும் போடலாம் என்றார். பேச்சு முழுவதும் நல்லப்பனோடுதான். செவ்வாய்க்கிழமை கப்பல். காகிதமெல்லாம் ஏஜெண்டிடம் இருக்கிறது என்று நல்லப்பன் சொன்னான். நான் பெட்டி கட்டி, டிரம்ஸ் குச்சிகளை மேல்சட்டைக்குள் சுற்றி வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை நல்லப்பன் வலது மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு கோத்த நூலோடு வந்து நின்றான். காப்பு. பூக்குழிக்கு வேண்டிக்கொண்டு கோவிலில் கட்டுவது. கட்டியவன் விழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டக்கூடாது. கடல் தாண்டுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. பூக்குழிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

"அம்மாவுக்கு நெஞ்சு வலிடா. வேண்டிக்கிட்டேன். ஆமிரும் டெரிக்கும் போகட்டும். நீ என்னோட இரு சுரே. நாம ரெண்டு பேரும் அடுத்த கப்பல்ல போயிடலாம்."

நான் கத்தினேன், கெட்ட வார்த்தையில் திட்டினேன், அழுதேன். கடைசியில் நானே சொன்னேன், "நீ இல்லாம நான் மட்டும் போவேனா?" என்று. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பெரிய தியாகம் என்று அந்த வார்த்தையை அறுபது வருஷம் நெஞ்சில் வைத்துப் பூஜை செய்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கப்பல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை நல்லப்பன் நெருப்பில் இறங்கினான். அடுத்த கப்பலுக்குள் சட்டம் மாறிவிட்டது. போகிறவன் திரும்ப முடியாது, வேலைக்கென்று யாரும் போக முடியாது. அவ்வளவுதான். ஆமிர் பினாங்கிலேயே தங்கி முப்பது வருஷம் ஹோட்டல்களில் வாசித்தான். டெரிக் அங்கிருந்து ஆஸ்திரேலியா போய்ச் செத்தும் போனான். நான் போட்டாதாங்கில் கயிறும் தார்ப்பாயும் விற்கிறேன். டிரம்ஸை இரும்புக்குப் போட்டேன்.

பதினோரு வருஷம் நல்லப்பனோடு நான் பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்தேன். அது பேசாமல் இருந்ததைவிட மோசம். பார்க்கும்போதெல்லாம், "என்ன சாமி, அடுத்த கப்பல் எப்போ?" என்பேன். லப்பெயே என்கிற தேநீர்க் கடையில், சாவு வீட்டில், பஸ் நிறுத்தத்தில், எங்கேயும் விட்டதில்லை. அவன் மகள் ராணியின் கல்யாணப் பந்தியில், பர்மிய சம்பந்திகள் நடுவில், "இவன் கையில கட்டின கயிறு என் கழுத்துல விழுந்த சுருக்கு" என்று எழுந்து நின்று சொன்னேன். பிள்ளை வீட்டார் புரியாமல் சிரித்தார்கள். ராணிக்குப் புரிந்தது. நல்லப்பன் எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் போடச் சொன்னான்.

அவனும் அதன் பிறகு கிட்டாரைத் தொடவில்லை. ஆனால் பூக்குழியை விடவில்லை. கொரோனாவில் இரண்டு வருஷம் கோவில் நெருப்பு மூட்டவில்லை. மற்றபடி ஒரு வருஷம் தவறியதில்லை. அதனால் கணக்குப்படி ஐம்பத்தெட்டுதான். ரமேஷ்குமாருக்கு அறுபது என்று சொன்னால்தான் அழகாக இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் நானும் போவேன். பக்தியால் அல்ல. ஒரு தடவையாவது அவன் கால் வேகாதா என்று பார்க்கப் போவேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போனது நிஜம்.

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை, மின்சாரம் இருந்த நாலு மணி நேரத்தில், பினாங்கிலிருந்து ஆமிர் போனில் வந்தான். முகம் பாதிதான் தெரிந்தது. அங்கே யாரோ பழைய தட்டுகளைத் தேடிப் பிடித்து மறுபடியும் வெளியிடுகிறார்களாம். 'டல்லா ஃபெரி'யும் அதில் வருகிறதாம்.

"உனக்குப் பாட்ட அனுப்பியிருக்கேன். கேளு லா. சத்தம் சுத்தமா வந்திருக்கு" என்று, பினாங்குக்காரர்கள் மாதிரி 'லா' போட்டுச் சொன்னான்.

பழையதெல்லாம் பேசினோம். வழக்கம்போல நான் காப்புக் கதையை எடுத்தேன். அந்தப் பாவி அன்று காப்புக் கட்டாமல் இருந்திருந்தால் நானும் பினாங்கில் இருந்திருப்பேன் என்றேன்.

ஆமிர் போனை நகர்த்திப் பிடித்தான். இப்போது முழு முகமும் தெரிந்தது.

"சுரே, இன்னுமா உனக்குத் தெரியாது? நல்லப்பன் சொல்லவே இல்லயா?"

"என்ன சொல்லணும்?"

"கான்ட்ராக்ட் மூணு பேருக்குத்தான் லா. ஹோட்டல்ல வேற டிரம்ஸ்காரன் இருந்தான். அந்த ஆளு ரயில்வே மன்றத்துலயே சொல்லிட்டான், இந்தப் பையன் அடி ஓடுது, ஆரம்பிச்ச வேகத்துல முடிக்க மாட்டேங்குறான், இவன் வேணாம்னு. நல்லப்பன் ரெண்டு நாள் அவன்கிட்ட மன்றாடினான். நடக்கல. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கினான். வெள்ளிக்கிழமை எங்க வீட்டுல உக்காந்து பிரியாணி தின்னான். மறுநாள் காப்போட வந்து நிக்கிறான். விரதம் இருக்கிறவன் மொத நாள் பிரியாணி திம்பானா? உன்ன விட்டுட்டுப் போக மனசில்ல. காரணமும் சொல்ல முடியல. அம்மனப் பிடிச்சு நடுவுல நிறுத்திட்டான்."

பிரியாணி எனக்கும் ஞாபகம் இருந்தது. நானும் அந்த வெள்ளிக்கிழமை அங்கே உட்கார்ந்து தின்றவன்தான். கோபம் பிடித்தவனுக்குக் கண்ணுக்கு முன்னால் இருப்பது தெரியாது.

போனை வைத்துவிட்டு ஆமிர் அனுப்பிய பாட்டைப் போட்டேன். எங்கள் தட்டு என்னிடம் இல்லை. அறுபது வருஷமாகக் கேட்டதில்லை. முதலில் அந்தக் கிடங்கு வந்தது. அந்த நூறு அடி இருட்டு அப்படியே காதுக்குள் வந்தது. பிறகு நல்லப்பன். பிறகு நான். முதல் அரை நிமிஷம் பெருமையாக இருந்தது. பிறகு கேட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் என் அடி ஒரு மயிரிழை முன்னால் ஓடுகிறது. ஓடும்போதெல்லாம் நல்லப்பனின் கிட்டார் ஒரு சுரத்தை விழுங்கிவிட்டு என்னோடு வந்து சேர்ந்துகொள்கிறது. ஆமிரையும் டெரிக்கையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. கேட்கிறவனுக்கு, படகு அலையில் ஏறுகிறது என்றுதான் தோன்றும். அது அலை இல்லை. என் கை செய்த தப்பை அவன் கை மறைத்தது.

நாலு தடவை போட்டுக் கேட்டேன். ஐந்தாவது தடவை மின்சாரம் போய்விட்டது.

எனக்கு நன்றியா வந்தது என்று கேட்டால், இல்லை. எரிச்சல் வந்தது. அறுபது வருஷமாக எனக்கு மிச்சமிருந்த சொத்து இரண்டே இரண்டு. நான் பெரிய வித்தைக்காரன் என்பது ஒன்று. என்னைக் கெடுத்தவன் நல்லப்பன் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே போனில் பிடுங்கிக்கொண்டார்கள். வியாழக்கிழமை அலோனுக்குப் போனேன். எனக்கு ஒன்று வேண்டியிருந்தது. அவன் வாயால் அந்த உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் காலில் விழுவதா, அறைவதா என்று பஸ்ஸிலேயே முடிவு செய்ய முடியவில்லை.

நல்லப்பன் தன் கடையில், ஒரு பேட்டரிப் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மின்சாரம் இல்லாத ஊரில் அவனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. மணிக்கட்டில் புதிய காப்பு. மஞ்சள் வேட்டி.

"வாடா. அடுத்த கப்பல் கேக்க வந்தியா?" என்று அவனே சிரித்தான்.

"ஆமிர் பேசினான். கான்ட்ராக்ட் மூணு பேருக்குத்தானாம்."

அவன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் ஒரு கணம் நின்றது. பிறகு ஆணியைத் திருகிற்று.

"அவனுக்கு வயசாச்சு. மறதி. நாலு பேருக்குத்தான்."

"என் அடி ஓடுதுன்னு அந்த ஆளு சொன்னானாம்."

"யாரு சொன்னா? உன் அடிக்கு என்னடா குறை? உன்ன மாதிரி அடிக்க அன்னிக்கு ரங்கூன்ல ஆளே கெடையாது."

"அப்ப எதுக்குடா காப்புக் கட்டினே?"

"அம்மாவுக்கு நெஞ்சு வலி. எத்தன தடவ சொல்றது உனக்கு?"

அங்கேயே விட்டிருக்க வேண்டும். என் குணம் விடவில்லை. காப்புக் கட்டியவன் பொய் சொல்லமாட்டான், சொன்னால் நெருப்பு சும்மா விடாது என்பது நம் கோவிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவனை மடக்க அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது என்று நினைத்தேன்.

"காப்பு மேல கைய வச்சுச் சொல்லு. நாலு பேருன்னு."

நல்லப்பன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டு, இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்தான்.

"இந்தக் காப்பு மேல சத்தியம். நாலு பேரு. உன் பேரும் அதுல இருந்துச்சு. போதுமா? போயிட்டு வா. எனக்கு வேலை கெடக்கு."

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. சாமிக்குக் கட்டும் நூலை ஒரு பொய்க்காகக் கட்டியவன், அந்தக் கடனைக் கழிக்கத்தான் வருஷா வருஷம் நெருப்பில் இறங்கியிருக்கிறான். அதற்குத்தான் சால்வை போடப் போகிறார்கள். கழித்தது போதாதென்று இன்று நான் அவனை அதே நூலின் மேல் இன்னொரு பொய் சொல்ல வைத்துவிட்டேன். என் அடி ஓடவில்லை என்று நான் நம்பிக்கொண்டு சாக வேண்டும் என்பதற்காக.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூக்குழி. அறுபது வருஷத்தில் முதல் தடவையாக, அவன் கால் வேகக்கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றேன். எனக்கு வேண்டத் தெரியாது. அவன் கரகத்துக்குப் பின்னால் வந்தான். மற்றவர்கள் ஓடுவார்கள், அவனுக்கு முழங்கால் ஓடாது. நடந்தான். நடுக்குழியில் ஒரு கணம் நின்று மறுபடி நடந்தான். பால் தொட்டியில் கால் வைத்தபோது அவன் முகம் மாறியதைக் கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. ரமேஷ்குமார் மைக்கில், "அறுபது வருஷம்! ஒரு கொப்புளம் கெடையாது!" என்று கத்திக்கொண்டிருந்தான். சால்வையைப் போட்டுக்கொண்டு நல்லப்பன் நின்றே கும்பிட்டான்.

திங்கட்கிழமை ராணி போன் செய்தாள்.

"அங்கிள், அப்பா காலு ரெண்டும் வெந்துபோச்சு. ஸேயோங் போகமாட்டேங்கிறாரு. நீங்க வந்து சொல்லுங்க. உங்க பேச்சுதான் கேப்பாரு."

ஸேயோங் என்றால் ஆஸ்பத்திரி. என் பேச்சை அவன் கேட்பான் என்று அந்தப் பெண் சொன்னது என்னைக் குத்துவதற்காக அல்ல. அவள் அதை நம்பித்தான் சொன்னாள். போனேன். டாக்டர் ஒருவரை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனேன். வயதான தோல், மெதுவாக நடந்திருக்கிறார், அதனால்தான் என்றார் டாக்டர். இருக்கலாம். எனக்கு வேறு காரணம் தெரியும். ராணிக்கு அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கட்டுப் போட்ட இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டு நல்லப்பன் கட்டிலில் கிடந்தான். மணிக்கட்டில் காப்பு இல்லை. விழா முடிந்து அவிழ்த்துவிட்டார்கள். நூல் இருந்த இடத்தில் மஞ்சள் கறை மட்டும் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால், எதற்கு என்று கேட்பான். எதற்கு என்று சொன்னால், அவன் வெந்தது வீணாகப் போய்விடும். போனை எடுத்து 'டல்லா ஃபெரி'யைப் போட்டேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கிடங்கின் எதிரொலி அந்தச் சின்ன அறையில் சுற்றிற்று. என் கை தானாகக் கட்டில் சட்டத்தில் அடிக்க ஆரம்பித்தது. போர்வை மேல் அவன் விரல்கள் அசைந்தன. பிரேக் வயர் கிழித்த பழைய வடு அவற்றில் இன்னும் இருக்கிறது. முதல் திருப்பம் வந்தது. என் கை முன்னால் ஓடுவது எனக்கே தெரிந்தது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. அவன் விரல்கள் பாட்டை விட்டுவிட்டு என்னோடு வந்தன.

"வேகமாப் போறேனாடா?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறக்காமலே நல்லப்பன் சொன்னான்: "இல்லடா. சரியாத்தான் இருக்கு. அடி."

நான் அடித்தேன். தட்டில் இருந்த நாலு பேரும் கரை சேர்வதற்கு முன்பே நாங்கள் இருவரும் அடித்து முடித்துவிட்டோம்.